பெரிய டயருக்கு முன்னால் ஒரு ஸ்பிரிங் தராசு

பழைய ஜீப்பும் ஜிப்ஸியும் வைத்திருக்கும் நண்பர்களுக்கு,

போடி, கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்கள், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து பூண்டும் கேரட்டும் இறக்குகிறவர்கள், வால்பாறை, கோத்தகிரி தோட்டத்துப் பாதைகளை நம்பிப் பிழைப்பவர்கள், கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு மலைமேல் உள்ள ஆசையால் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியை வாங்கி நிறுத்தியிருப்பவர்கள் என்று உங்களில் பல வகையினர் உண்டு. வண்டிகளும் பல வகை. மகிந்திராவின் எம்எம் 540, எம்எம் 550, மேஜர், 2010-இல் வந்து இப்போது 15 வயதைத் தொட்டுவிட்ட முதல் தார், மாருதி ஜிப்ஸி. உங்கள் எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள். பெரிய டயருக்கும் உயர்த்திய ஸ்பிரிங்குக்கும் விளக்குப் பட்டைக்கும் எடுத்துவைத்திருக்கும் பணத்தை ஓராண்டுக்குத் தொடாதீர்கள். அந்த ஓராண்டில் வண்டியை உங்கள் கையாலேயே திறந்து, தேய்ந்ததை அளந்து, மாற்றவேண்டியதை மாற்றி, தொழிற்சாலை குறித்த அளவுகளுக்கு அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் அந்த மாற்றங்கள் வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளலாம். பெரும்பாலானவை வேண்டியிருக்காது என்பது என் வாதம். அந்த வேலையை நீங்களே செய்யவேண்டும் என்பதும் அதே வாதத்தின் பகுதிதான்.

இந்த வண்டிகளின் அமைப்பே சொந்தக்காரரின் கைக்கு இடம் கொடுக்கிறது. 1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டு தொடங்கிய நாளிலிருந்து அடிப்படை வடிவம் அதிகம் மாறவில்லை. கீழே இரும்புச் சட்டம், மேலே தனியாகப் பூட்டிய பாடி, பெரும்பாலானவற்றில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஆக்சில், பட்டை ஸ்பிரிங், நடுவில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். எம்எம் 540-இன் 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினோடு வந்த ஜிப்ஸி, 1996-இல் 1298 சிசிக்கு மாறியது, பிறகு எம்பிஎஃப்ஐ வந்தது. ஆனால் பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றுபோகும் வரைக்கும் அதன் ஆக்சிலும் கிங்பின்னும் பட்டை ஸ்பிரிங்கும் பழைய வடிவத்திலேயே இருந்தன. இப்படிப்பட்ட வண்டி ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. புஷ் ரப்பர் இறுகுகிறது, பேரிங் தளர்கிறது, ஹோஸின் உட்சுவர் உப்புகிறது, எர்த் ஒயரின் முனையில் பச்சை படிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் ‘வண்டி பழையபடி இல்லை’ என்ற எண்ணம் வருகிறது. அந்த நேரத்தில்தான் புதிதாக ஏதாவது வாங்கிப் போடலாம் என்ற ஆசையும் வருகிறது.

தேய்மானம் என்பது காலத்தோடு நடப்பது. இன்று கிங்பின்னில் இவ்வளவு ஆட்டம் என்பதைத் தனியாக வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆறு மாதம் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் அது நின்றிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது விளங்கும். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் வண்டியை ஒரு நாள் பார்க்கிறார், அன்று எதற்குக் கொண்டுவந்தீர்களோ அதைப் பார்க்கிறார். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெல்லக் கீழே போவது, கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே வருவது, இறக்கத்தில் மட்டும் கேட்கும் ஒரு முனகல் இவையெல்லாம் நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை. ஓட்டுகிறவரே திறந்தும் பார்த்தால் காதுக்குக் கேட்டதும் கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. புதிய வண்டிக்கு இது அவ்வளவு முக்கியமில்லை, அதன் தேய்மானம் எந்த வேகத்தில் போகும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும், சர்வீஸ் அட்டவணை அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. இருபது ஆண்டு ஓடி, நாலு கை மாறி, எந்தக் கடையிலிருந்து எந்தச் சாமான் ஏறியது என்றே தெரியாத வண்டிக்கு அச்சடித்த அட்டவணை போதாது. அதற்கான அட்டவணையை நீங்கள்தான் ஒரு நோட்டில் எழுதியாகவேண்டும்.

ஸ்டியரிங்கை எடுத்துக்கொள்வோம், என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, வேகத்தை முழுக்கக் குறைக்கும் வரை நிற்காமல் ஆடுவதை உங்களில் பலர் அறிவீர்கள். கடையில் இதற்கு ஒரு தீர்வு தயாராக இருக்கும்: ஸ்டியரிங் டாம்பர். பூட்டிக்கொண்டு போனால் உதறல் நிற்கும், சில மாதம் நிம்மதி. ஆனால் உதறலை உண்டாக்கிய காரணத்தை டாம்பர் தொடுவதே இல்லை. கிங்பின் பேரிங் தளர்ந்திருக்கலாம், டை ராடு முனையில் ஆட்டம் இருக்கலாம், ஸ்பிரிங் புஷ் தின்றுபோயிருக்கலாம், டோ-இன் விலகியிருக்கலாம், சக்கரம் பேலன்ஸ் இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துதான் இருக்கும். டாம்பர் போட்ட வண்டியில் இந்தத் தேய்மானம் ஓசையில்லாமல் தொடர்கிறது, டாம்பரும் களைத்துப்போகும் நாளில் முன்பைவிட மோசமாக வெளிவருகிறது. ஜிப்ஸியின் கிங்பின் பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கவேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் குறித்திருக்கிறார்கள். டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிளின் கையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் எத்தனை கிலோவில் அது திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம். குறைவாக இருந்தால் பேரிங்கை மாற்றியோ ஷிம்மைக் குறைத்தோ சரிசெய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தராசு எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். புஷ், டை ராடு முனை, பேரிங் எல்லாம் சரியாக இருக்கும் வண்டிக்குப் புதிதாக டாம்பர் தேவைப்படுவது அரிது.

பிரேக் இதைவிடக் கனமான விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டரில். ஆளும் சுமையுமாக 1500 கிலோ எடையுள்ள வண்டி அந்த 1800 மீட்டரை இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் ஏறக்குறைய 26 மெகாஜூல். 75 லிட்டருக்கு மேல் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். சரியான கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சினும் உருளும் தடையும் எடுத்துக்கொள்ளும், மீதி முழுவதும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாகத்தான் இறங்கவேண்டும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நீர் சேரச் சேர டாட் 3-இன் கொதிநிலை 140 வரைக்கும், டாட் 4-இன் கொதிநிலை 155 வரைக்கும் விழக்கூடும். மழைக்காடு சூழ்ந்த வால்பாறையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் அது நடந்தாலும் விளைவு ஒன்றுதான். முன்பக்கத்துக்கு டிஸ்க் மாற்றவேண்டும், பூஸ்டர் பூட்டவேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்களை நான் கேட்பது இதுதான்: கடைசியாக எப்போது பிரேக் ஆயிலை முழுதாக வடித்து மாற்றினீர்கள்? இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டிய ஆயில், வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருக்குமானால் எந்த டிஸ்க்கும் உங்களைக் காப்பாற்றாது. அதே நாளில் நான்கு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கிப் பாருங்கள், லைனிங் தடிமனை அளந்து எழுதுங்கள், ஹோஸை மடக்கி வெடிப்பைத் தேடுங்கள். உள்ளே உப்பிய ஹோஸ் ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாது, அதனால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அலைன்மென்ட் கடைக்கு மூன்று முறை போய்வந்தவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

இப்போது பெரிய டயர். ஜிப்ஸி கிங்கில் 205/70 ஆர்15 அளவுக்குப் பதிலாக 235/75 ஆர்15 போடுவதை வைத்துக்கொள்வோம். முதலாவதன் விட்டம் 668 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் ஏறக்குறைய 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தின் இழுவை 9 சதவீதம் குறையும், ஏற்றத்தில் இரண்டாவது கியர் போதுமாக இருந்த இடத்தில் முதல் கியர் கேட்கும், கிளட்ச் அதற்கு விலை கொடுக்கும். பிரேக்கும் அதே கணக்கில் வருகிறது. பெடலை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் டயர் தரையில் பிடிக்கும் விசை 9 சதவீதம் குறைவு. கனம் கூடிய சக்கரம் கிங்பின்னையும் டை ராடையும் கூடுதலாக அடிக்கும், முன்பு சொன்ன உதறலுக்கு அது நேரான அழைப்பு. நீண்ட ஷாக்கிள் போட்டு உயர்த்தினால் ஆக்சிலின் சாய்வு மாறும், காஸ்டர் கோணம் கெட்டு ஸ்டியரிங் நேராகத் திரும்பிவர மறுக்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ்கள் அவற்றுக்குப் பொருந்தாத கோணத்தில் சுழலும், ஈர்ப்பு மையம் மேலே ஏறி வளைவில் சாயும் அபாயம் கூடும். பள்ளம் மேடு உள்ள பாதையில் கீழே இடிக்காமல் போக உயரம் வேண்டும் என்பீர்கள், நியாயம்தான். ஆனால் உங்கள் பட்டை ஸ்பிரிங் இருபது ஆண்டில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்தீர்களா? வளைவிழந்த பட்டைகளை மறுபடி வளைத்து, உடைந்த பட்டையை மாற்றி, புஷ்களைப் புதுப்பித்தால் தொழிற்சாலை கொடுத்த உயரம் திரும்பக் கிடைத்துவிடும். பலர் உயர்த்துவதற்காகச் செலவழிக்கும் தொகைக்குள் இது முடிந்துவிடும். இதில் எந்தக் கோணமும் கெடுவதில்லை.

வண்டி சூடாகிறது என்ற புகாருக்கு இரண்டு மூன்று அடுக்கு கொண்ட பெரிய ரேடியேட்டரும் எலெக்ட்ரிக் ஃபேனும் பூட்டுகிறார்கள். உயரம் என்ன செய்கிறது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். 2200 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது, ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. மூடியின் ரப்பர் இறுகிப்போனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சமவெளியில் தெரியாத குறை மலையுச்சியில் தெரியும். மூடி, ஹோஸ், பெல்ட், தண்ணீர் பம்ப், ரேடியேட்டரின் துடுப்புகளுக்கிடையில் அடைத்த மண், உள்ளே படிந்த உப்பு என்று மலிவிலிருந்து தொடங்கி மேலே போவதுதான் முறை. இதில் நம் ஊரில் வேரூன்றிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாகவேண்டும். ‘வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு’ என்று அதை எடுத்து வீசிவிடுகிறார்கள். அது இல்லாத எஞ்சின் இயங்கவேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடி, டீசலை அதிகம் குடித்து, ஆயிலைக் கெடுத்து, சிலிண்டரைத் தேய்த்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் அமைப்புள்ள எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளுக்குள் சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த காரியமே சூட்டை ஏற்றும்.

விளக்கு விஷயம் சிறியது. ஆனால் அளந்து பார்க்காமல் வாங்குவது எவ்வளவு வீண் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. பல்புக்கு வரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இருபது வயது ஒயரிங்கில், ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியே போகும் விளக்கில் அந்த அளவு இழப்பு சாதாரணம். மல்டிமீட்டரைப் பாட்டரியிலும் பிறகு பல்பின் முனையிலும் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு ரிலேயும் ஃபியூஸும் சரியான தடிமனில் ஒயரும் போட்டால் பழைய பல்பே பாதையைக் காட்டும். அதைச் செய்யாமல் அதிக வாட் பல்பைப் போட்டால் அதே மெலிந்த ஒயர் சூடாகி உருகும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும்.

அப்படியானால் மேம்படுத்துவதே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், எதை என்பதை வண்டியே சொல்லவேண்டும். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ப்ரீதர் என்று ஒரு சிறிய வால்வு இருக்கிறது. மண் அடைத்து அது நின்றுபோனால், ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும், அது பிரேக் லைனிங்கை நனைக்கும். சூடான ஆக்சில் ஆற்றுக்குள் இறங்கிக் குளிர்ந்தால் அதே சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சீலை மட்டும் மாற்றி மாற்றி அலுத்தவர்கள் ப்ரீதரைத் துடைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஓடை கடந்து போகிற வண்டி என்றால் ப்ரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பானெட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். இது அருமையான மேம்பாடு, செலவும் சொற்பம். டீசல் வண்டிக்கு நல்ல வாட்டர் செப்பரேட்டர், ஹெட்லைட்டுக்கு ரிலே, எல்லா இருக்கைக்கும் சரியான பெல்ட், இவையும் அந்த வரிசையில்தான். கியர்பாக்ஸுக்கு மேனுவல் கேட்கும் ஜிஎல்-4 ஆயிலையும் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ஆயிலையும் மாற்றிப் போடாமல் இருப்பதே சிலருக்குப் பெரிய மேம்பாடாக இருக்கும். ஜிஎல்-5-இல் உள்ள கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. இந்த மேம்பாடுகளையெல்லாம் கேட்க வைத்தது பராமரிப்பின்போது கண்ணில் பட்ட ஒரு குறை.

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பயிற்சி இல்லாதவர் தொடலாமா என்பது என்னிடம் வைக்கக்கூடிய மிக வலுவான மறுப்பு. இதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். தவறாகப் பூட்டிய பிரேக் உங்களை மட்டும் கொல்வதில்லை. அதனால்தான் ‘தெரிந்த அளவுக்குச் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லாமல் ஓர் எல்லை வகுக்கச் சொல்கிறேன். பார்ப்பது, அளப்பது, சுத்தம் செய்வது, ஆயில்கள், ஃபில்டர்கள், கிரீஸ், பெல்ட், ஹோஸ், ஒயரிங் இவை எந்தச் சொந்தக்காரரும் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், கிங்பின், வீல் பேரிங் ஆகியவற்றை முதல்முறை செய்யும்போது அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்கவேண்டும், முடிந்த பிறகு அவர் சரிபார்க்கவேண்டும், சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே மலைப்பாதைக்குப் போகவேண்டும். டிஃபரன்ஷியல் செட்டிங், டீசல் பம்ப், சட்டத்தில் வெல்டிங், எஞ்சின் ரீபோர் ஆகியவை உரிய கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர்களின் வேலை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள், கனமான ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குவதுதான் உங்கள் முதல் செலவாக இருக்கவேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்சால் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இவ்வளவு கவனத்தோடு செய்யப்படும் வேலை, அவசரத்தில் நாலு வண்டியை முடிக்கவேண்டிய பட்டறையின் வேலையைவிடப் பாதுகாப்புக் குறைந்தது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதி. எத்தனை நன்றாகப் பராமரித்தாலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் பாதுகாப்பானது ஆகிவிடாது. தோட்டத்துக்குப் போகும் பெண்களின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

மெக்கானிக் பிழைப்பில் மண் விழாதா என்பவர்களும் உண்டு. மலையூர்களில் இந்த வண்டிகளை அறிந்த பழைய கைகள் குறைந்துவருகின்றன என்பதே இன்றைய நிலை. இளையவர்கள் ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் வண்டிகளுக்குப் போய்விட்டார்கள், அதில் தவறும் இல்லை. மீதமிருக்கும் மூத்த மெக்கானிக்கின் நேரத்தை ஆயில் மாற்றுவதற்குச் செலவழிப்பது அவருடைய திறமைக்கு நாம் செய்யும் அநியாயம். ‘என்னமோ சத்தம் வருது, பாருங்கண்ணே’ என்று வண்டியை விட்டுவிட்டுப் போகிறவரைவிட, ‘இடது முன் கிங்பின் இத்தனை கிலோவில் திரும்புகிறது, போன வருடம் இவ்வளவு இருந்தது’ என்று சொல்கிறவரோடு வேலை செய்வது அவருக்கும் எளிது. லேத் பட்டறைக்கு டிரம் கடைசல், பட்டை வளைப்பவருக்கு ஸ்பிரிங், பம்ப் கடைக்கு நாஸில் என்று உண்மையான வேலை அவரவருக்குப் போய்ச் சேரும். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள்.

சட்டமும் நான் சொல்லும் வரிசையின் பக்கமே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சொந்தக்காரருக்கே தண்டனை வைக்கப்பட்டது. வண்டியின் முன்னால் பூட்டும் தடித்த இரும்புக் கம்பிகளை நீக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான். தேய்ந்த உறுப்பை எடுத்துவிட்டு அதே அளவில் புதியதைப் போடுவதோ மாற்றம் அல்ல, பராமரிப்பு. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டியிருக்கிறது. காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. இயந்திரச் சோதனை நிலையங்கள் பரவப் பரவ, பிரேக் விசையும் புகையும் அங்கே எண்ணாக அளக்கப்படும். அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்தப் பழைய வண்டிகளை வைத்திருக்கவேண்டும், 2021-இல் வந்த வாகன அழிப்புக் கொள்கையின் நோக்கமே இவற்றை ஒழிப்பதல்லவா என்று கேட்பவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பிஎஸ்-6 வண்டியின் சுத்தத்துக்கு ஒரு எம்எம் 540 எந்தப் பராமரிப்பாலும் வராது. அப்படி வரும் என்று சொல்லிக்கொண்டு திரிவது நம் தரப்பைக் கெடுக்கும். ஆனால் அந்த வண்டி விடும் கரும்புகையில் பெரும்பங்கு அதன் பிறவிக்குணம் அல்ல. அடைத்த ஏர் ஃபில்டர், சொட்டும் நாஸில், விலகிய பம்ப் டைமிங் இவற்றால் வருவது. அதைக் குறைப்பது சொந்தக்காரரின் கடமை. தினமும் நகரத்துக்குள் ஓட்ட இவை ஏற்ற வண்டிகள் அல்ல. சிறிய உடல், லோ கியர், எளிய எஞ்சின் மூன்றும் சேர்ந்து தேவைப்படும் தோட்டத்துப் பாதையில், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை உருக்கிவிட்டு அதற்குப் பதில் இரண்டு டன் எடையுள்ள புதிய வண்டியைத் தயாரிப்பது சுற்றுச்சூழலுக்கு லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வாதத்தை வைக்கும் தகுதி புகை விடாத பழைய வண்டிக்கு மட்டுமே உண்டு.

சாமான் கிடைக்காது என்ற கவலை ஓரளவுதான் உண்மை. ஜிப்ஸியையும் எம்எம் 540-ஐயும் ராணுவமும் காவல்துறையும் பெருமளவில் பயன்படுத்தியதால் தேய்மான உறுப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டில் புதியதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடினால் அகப்படும். போலிதான் உண்மையான தொல்லை. பேரிங்கின் முத்திரையையும் எண்ணையும் கழற்றிய பழையதோடு ஒப்பிடுங்கள், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்து இறுகிய ரப்பர் சீலைப் புதியது என்று வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் இரும்பை வாங்கலாம், பிரேக் ரப்பரை வாங்கக்கூடாது.

கடைசியாக, தனி ஆளாக முடியாத ஒரு காரியத்துக்கு உங்களை அழைக்கிறேன். இந்த வண்டிகளின் சர்வீஸ் மேனுவல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவற்றை அதிகம் தேவைப்படுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் எட்டாது. எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க், லைனிங் எவ்வளவு தேய்ந்தால் மாற்றவேண்டும், கிங்பின் எத்தனை கிலோவில் திரும்பவேண்டும், டோ-இன் எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்துக்கு எந்த ஆயில் எத்தனை லிட்டர் என்பவை மட்டும் தமிழில் ஒரு சிறு கைப்பிரதியாக இருந்தால் போதும், பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். படிக்கத் தெரிந்தவர் எண்களை எடுத்துக் கொடுக்கட்டும், கைப்பழக்கம் உள்ளவர் அவற்றை வண்டியில் சரிபார்க்கட்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்சும் ஒரு ஸ்பிரிங் தராசும் இரண்டு ஜோடி ஜாக் ஸ்டாண்டும் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எம்எம் 540-க்குப் போடிக்காரர்கள், ஜிப்ஸிக்குக் கோவைக்காரர்கள் என்று பிரித்துக்கொண்டு இப்போது தொடங்கினால், ஜூனில் தென்மேற்குப் பருவம் வால்பாறையைத் தொடுவதற்குள் பிரேக், ஸ்டியரிங் ஆகிய இரண்டு பக்கங்களையாவது முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் வண்டிகள் மேல் அக்கறை உள்ள ஒருவன்